மரவில்லுச் சுவர்

கால்சட்டையைக் கழற்றாமலே மேலால் வேட்டியைச் சுற்றிவிடலாம் என்று தவச்செல்வன் சொன்னான். சொன்னதோடு நில்லாமல் சவப்பெட்டிக்குள் குனிந்து, அண்ணனின் இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கவும் பார்த்தான். உடம்பு அசையவில்லை. ஜெயமலர் மற்றப் பக்கம் வந்து, வேட்டியை நீளத்துக்கு மடித்து, கட்டில் விரிப்பைச் செருகுவதுபோல இரண்டு ஓரத்தாலும் செருகிவிட்டாள். பார்க்கிறவர்களுக்கு வேட்டி. உள்ளே அடக்கச் சேவைக்காரர்கள் போட்டுவிட்ட கறுப்புக் கால்சட்டை அப்படியே இருந்தது.

"பெல்ட்டும் கட்டுவமோ அண்ணி?"

"ஏன், அவிழ்ந்து விழுமெண்டோ? எழும்பி நடக்கவோ போறார்?"

தவச்செல்வன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். லோசானிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்தவன். வந்ததிலிருந்து அண்ணி அழாமல் நிற்பது அவனுக்குச் சரியாகப் படவில்லை. அவளுக்கும்தான் படவில்லை. ஞாயிறு பின்னேரம் பொலிஸ்காரி ஒருத்தி வீட்டு மணியை அடித்து, தயாபரன் காட்டுக்குள் மாரடைப்பில் இறந்துபோனார் என்று சொன்ன நேரத்திலிருந்து இந்த வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் அவளுக்கு வந்ததெல்லாம் கோபம்தான். சாகிறதுக்கு அந்த மனிசனுக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா? வீட்டில் கட்டில் இல்லையா, பக்கத்தில் அவள் இல்லையா?

மண்டபம் பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரைக்கும்தான் அவர்களுக்கு. குருக்கள் அதற்குள் எல்லாக் கிரியையையும் முடித்துத் தருவதாகச் சொல்லி, கைபேசியில் மணியும் வைத்திருந்தார். வெளியே நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அந்த நேரம் மகள் லக்சாயினி கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"அம்மா, அப்பாவின்ரை வெரைன் ஆக்கள், அந்த வில்லுச் சங்கத்துக்காரர், வந்திருக்கினம். ரெண்டு பேர். வில்லையும் கொண்டு வந்திருக்கினம்."

"செத்தவீட்டுக்கு வில்லோ?" என்றான் தவச்செல்வன். "நல்ல கூத்து. உதுகளை உள்ளை விடாதை பிள்ளை. ஊரே வந்திருக்குது."

ஜெயமலர் வேட்டிக் கரையை இன்னொரு தரம் இழுத்துச் சரிசெய்தாள். "நான் போய்க் கதைக்கிறன்" என்றாள்.

தயாபரனுக்குச் சுவிஸின் வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருபத்திரண்டு வருட வேலை. அங்கே தலைமைச் சமையல்காரராக இருந்த ஊலிதான் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு ஞாயிறு அவரைக் காட்டுக்குக் கூட்டிப்போனார். கூட்டிப்போனதோடு ஆள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். வில்லுச் சங்கம். இந்த நாட்டில் வில்லால் உயிரை வேட்டையாட விடமாட்டார்கள். அதனால் மரங்களுக்கிடையே ரப்பர் மானையும் ரப்பர் பன்றியையும் நிறுத்திவைத்து, ஏறி இறங்கித் தேடிப்போய் அம்பு விடுவார்கள். ஐம்பது வயதில் ஒரு மனிதனுக்கு வருகிற ஆசையா அது?

"அப்பிடி என்னதான் இருக்குது அங்கை?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"அங்கை ஒருத்தரும் கதைக்கிறேல்லை மலர். இந்த நாட்டிலை டொச் பாஷை தேவைப்படாத ஒரே இடம் அதுதான்" என்றார்.

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் முடிவில் சங்கத்துக்குள் போட்டி வரும். முதல் வருடம் வெறுங்கையோடு வந்தார். எத்தனையாவது என்று கேட்டாள். கடைசி என்றார். இரண்டாம் வருடமும் கடைசி. மூன்றாம் வருடத்திலிருந்து அவள் கேட்கவில்லை, ஊருக்குச் சொல்லத் தொடங்கினாள். பிறந்தநாள், சாமத்தியவீடு, கோயில் அன்னதானம், எங்கே நாலு பேர் கூடினாலும் தயாபரனைக் காட்டி, "எங்கடை வீட்டு வில்லாளி இந்த வருஷமும் கடைசி" என்பாள். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். தயாபரனும் சோற்றுத் தட்டோடு நின்று கூடச் சிரிப்பார். "ஆரோ ஒருத்தர் கடைசியா வரத்தானே வேணும்" என்பார். சனம் இன்னும் கொஞ்சம் சிரிக்கும்.

புதன்கிழமை ஊலி தொலைபேசியில் அழைத்து, இறுதிச்சடங்கில் இரண்டு வார்த்தை பேசலாமா என்று கேட்டபோது அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தச் சிரிப்புத்தான். வெள்ளைக்காரன் எழுந்து நின்று, தயா வருடா வருடம் கடைசியாக வந்தாலும் நல்ல மனிதர் என்று சொன்னால், நூற்றைம்பது பேரின் வாயோரமும் கொஞ்சம் நெளியும். நெளியப் பழக்கியவளே அவள்தான். பெட்டிக்குள் கிடக்கிற மனிசனை வைத்து இன்னொரு தரம் அந்தச் சிரிப்பு வருவதை அவளால் தாங்க முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொல்லியும் வந்து நிற்கிறார்கள்.

நடையில் ஊலி நின்றார். எழுபது வயது, நரைத்த மீசை, வெள்ளைச் சட்டைக்கு மேல் பச்சை மழைச்சட்டை. பக்கத்தில் ரூடி என்ற இன்னொரு சங்கத்துக்காரர், சாம்பல் நிறத் துணி சுற்றிய நீளமான ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஊலி அவளுக்காகச் சுவிஸ் பேச்சை விட்டுவிட்டு, நல்ல டொச்சில் மெதுவாகப் பேசினார்.

"நாங்கள் பேச வரவில்லை, ஜெயா. நீங்கள் வேண்டாம் என்றீர்கள், அதோடு சரி. உங்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் ஒருவர்தான் பதில் சொல்லலாம். எல்லாம் முடிந்த பிறகு கேட்கிறோம்."

"அவர் சாகும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா?" என்று அவள் கேட்டாள். ஐந்து நாளாக நெஞ்சுக்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"இருந்தேன். ஏழாவது குறிக்குப் போகிற வழியில் ஒரு மரக்கட்டையில் இருந்தார். நீ போய் எய், நான் வருகிறேன் என்றார். நான் எய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்."

அவள் பின்வரிசையைக் காட்டினாள். இரண்டு பேரும் போய் இருந்து, வில்லைத் தங்கள் மடிகளில் குறுக்காக வைத்துக்கொண்டார்கள்.

கிரியை அவசரமாகத்தான் நடந்தது. சுண்ணம் இடித்தார்கள். பேரப்பிள்ளைகள் இல்லாததால் அக்காவினதும் தம்பியினதும் பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். பந்தத்துக்குப் பதில் மின்கலத்தில் எரிகிற மெழுகுதிரி, ஏனென்றால் மண்டபத்துக்குள் நெருப்புக்கு அனுமதியில்லை. வாய்க்கரிசி போடச் சனம் வரிசையாக வந்து, பெட்டியைச் சுற்றி, அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனது. ஊலியும் ரூடியும் வரிசையில் வந்தார்கள். முன்னுக்கு நின்றவர் செய்ததைப் பார்த்து அப்படியே அரிசியைக் கிள்ளிப் போட்டார்கள்.

கடைசியில் தயாபரனின் அக்கா பரமேஸ்வரி எழுந்து வந்தாள். அவள் எதற்கு வருகிறாள் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஜெயமலரின் தாலியைக் கழற்றித் தம்பியின் நெஞ்சில் வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஈரக்கடதாசிப் பெட்டி ஒன்றை எடுத்தாள், குழந்தைகளுக்குத் துடைக்கிறது.

"அம்மா, உங்களுக்கு விருப்பமில்லாட்டி வேண்டாம். உப்பிடி ஒரு சட்டமும் இல்லை" என்று லக்சாயினி காதுக்குள் சொன்னாள்.

"பரவாயில்லை பிள்ளை."

கடதாசி குளிர்ந்தது. கமோமில் பூ மணத்தது. பரமேஸ்வரி அவள் நெற்றிப் பொட்டை இரண்டு தரம் அழுத்தித் துடைத்தாள், பிறகு தானே குலுங்கி அழுதாள். ஜெயமலருக்குப் பயமாக இருந்தது. இனி இந்த முகத்தோடுதான் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்ற பயம். அப்போதும் அழுகை வரவில்லை. பெட்டி சில்லுகளில் உருண்டு கதவுக்குப் பின்னால் போனது. குருக்களின் கைபேசி மணி அடித்தது, அவர் அதை அவசரமாக அமத்தினார்.

வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. சனம் சாப்பாட்டு மண்டபத்துக்கு எந்தக் காரில் யார் போவது என்று கதைத்துக் கலைந்தது. ஊலியும் ரூடியும் தாழ்வாரத்தின் கீழே மரப்பலகை வாங்கு ஒன்றின் அருகில் காத்து நின்றார்கள். ஜெயமலர் மகளோடு அவர்களிடம் போனாள். பரமேஸ்வரியும் தவச்செல்வனும் விடாமல் பின்னால் வந்தார்கள்.

"எங்கள் குடிசையில் இரண்டு சுவர் இருக்கிறது" என்று ஊலி தொடங்கினார். "இறந்துபோகிறவரின் வில்லை, நாணைக் கழற்றிவிட்டு அங்கே மாட்டுவோம். ஒரு சுவர் மரவில்லுக்காரர்களுக்கு, மரபு வில் என்போமே, அவர்களுக்கு. மற்றச் சுவர் கப்பியும் குறிபார்க்கும் கண்ணாடியும் பூட்டி எய்கிறவர்களுக்கு. தயாவின் வில்லை எதில் மாட்டுவது என்று எங்களால் முடிவெடுக்க முடியவில்லை."

"அவருடையது மரவில்தானே?"

"மரம்தான். அம்பும் மரம். இறகு வாத்து இறகு, அவரே ஒட்டியது." ஊலி துணியை விரித்தார். தேன் நிறத்தில் வில் கிடந்தது. கைபிடிக்கு மேலே, அம்பு படுக்கிற இடத்துக்கு ஒரு விரல் உயரத்தில், பெருவிரலால் தொடாமல் காட்டினார். "இருந்தும் இது இருக்கிறது."

காய்ந்து, உதிர்ந்து, மரத்துக்குள் ஊறிக் கறுத்துப்போயிருந்தாலும் அது என்னவென்று அவளுக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவள் வைத்த பொட்டு. நவராத்திரி முடிவில் வீட்டில் படங்களுக்கு முன்னால் லக்சாயினியின் பாடப் புத்தகங்கள், தன்னுடைய தையல் மெசின், அவருடைய சமையல் கத்தி எல்லாவற்றையும் வைப்பாள். வில் வாங்கின வருடம் அதையும் வைக்கச் சொன்னாள். ஆயுதந்தானே. சுவரில் சாத்திவைத்துப் பார்த்தபோது நெற்றி வரவேண்டிய இடம் அதுதான் என்று அவள் கைக்குப் பட்டது. சந்தனத்தைத் தடவி நடுவில் குங்குமம் வைத்தாள். பிறகு வருடா வருடம் அதே இடத்தில்.

"எது மரபு வில் என்று எங்களுக்குள் முப்பது வருடமாகச் சண்டை" என்றார் ஊலி. "வில்லுக்குள் கண்ணாடி நார் வைத்து ஒட்டினால் மரபில்லை என்பான் ஒருவன். அம்பைக் கடையில் வாங்கினால் மரபில்லை என்பான் இந்த ரூடி. தோல் சப்பாத்துப் போடாதவனைச் சேர்க்கவே கூடாது என்று ஒரு கிழவன் இருந்தான். ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒன்று. குறி பார்க்க வில்லில் எதுவும் இருக்கக்கூடாது. ஒரு கீறல், ஒரு புள்ளி கூடாது. கண்ணும் கையும் மட்டும்தான். முதல் போட்டிக்குத் தயா இந்தச் சிவப்புப் புள்ளியோடு வந்து நின்றார்."

ஜெயமலர் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். லக்சாயினி பரமேஸ்வரிக்காக மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"துடைத்துவிடுங்கள் என்றோம். இது என் மனைவி வைத்தது, துடைக்கமாட்டேன் என்றார். சரி, நல்ல மனிதர், எப்படியாவது சேர்த்துக்கொள்வோம் என்று ஒரு வழி பார்த்தோம். எய்யும்போது இந்தப் புள்ளி உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்டோம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்போம், ஜெயா. நாங்கள் எல்லாரும் அந்த இல்லைக்காகத்தான் காத்துக்கொண்டு நின்றோம்."

"என்ன சொன்னார்?"

"தெரிகிறது என்றார். ஒவ்வொரு அம்புக்கும் தெரிகிறது என்றார்."

ரூடி தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவரைக் கப்பி வில்லுக்காரரோடு சேர்க்க வேண்டியதாகப் போய்விட்டது என்று ஊலி சொன்னார். அந்தக் கருவிகளோடு வெறும் மரத்தை வைத்துக்கொண்டு யாராலும் போட்டி போட முடியாது. பதினொரு வருடமும் கடைசி. "மரவில்லுக்காரரோடு இருந்திருந்தால் நாலு வருடம் அவர்தான் முதல். ஒவ்வொரு வருடமும் காலையில் நான் ஈரத்துணியோடு போய் நிற்பேன். சிரித்துக்கொண்டு மற்ற வரிசைக்குப் போய்விடுவார். உங்களுக்குச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்."

"இல்லை" என்றாள் ஜெயமலர். "கடைசி என்று மட்டும்தான் சொன்னார்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. செத்தவீட்டில் வெட்கம் என்று ஒன்று வரும் என அவள் நினைத்ததேயில்லை. எத்தனை மண்டபங்கள், எத்தனை சோற்றுத் தட்டுகள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், உன்ரை பொட்டாலைதான் எண்டு. சொன்னால் அடுத்த வருடம் அவள் வைத்திருக்கமாட்டாள். அது தெரிந்துதான் வாயைத் திறக்காமல் நின்று கூடச் சிரித்திருக்கிறார். அவள் வாங்கில் இருந்தாள். அழுகை வந்தது, சத்தத்தோடு வந்தது. காரில் ஏறப்போன இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்பாடா என்ற மாதிரிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஊலி அவள் அழுது முடியும்வரைக்கும் பொறுத்தார். "நேற்றுச் சங்கத்தில் வாக்கெடுத்தோம்" என்றார். "புள்ளி இல்லையென்றால் வில் மரவில்லுச் சுவரில் முதல் வரிசைக்குப் போகும். அது அவருடைய இடம். புள்ளி இருந்தால் மற்றச் சுவரில் கடைசி. ஆனால் எங்களில் ஒருவருக்கும் துடைக்கக் கை வரவில்லை. அவர் விடாததை நாங்கள் எப்படிச் செய்வது? நீங்கள் வைத்தது, நீங்கள் துடைக்கலாம்."

லக்சாயினி சொல்லி முடிக்கவில்லை, பரமேஸ்வரி கைப்பையைத் திறந்துவிட்டாள்.

"துடைச்சு விடு மலர். அவனுக்கும் ஒரு பேர் கிடைக்கட்டும். ஆளே போயிட்டான், இனி ஆருக்கு உந்தப் பொட்டு?"

"ஓம் அண்ணி" என்றான் தவச்செல்வன். வில்லைப் பழித்தவன் இப்போது அதைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "முதலாவதா வந்த மனிசனை ஏன் கடைசியிலை கொழுவி மாட்டவேணும்?"

பரமேஸ்வரி ஒரு கடதாசியை உருவி ஜெயமலரின் கையில் வைத்தாள். குளிர்ச்சியாக, கமோமில் மணத்தோடு. ஜெயமலர் அதை வில்லுக்கு மேலே கொண்டுபோனாள். ஒரு இழுவை போதும். பிறகு குடிசைக்கு வருகிற எல்லாருக்கும் தயாபரன் யார் என்று தெரியும். ஊருக்கும் சொல்லலாம், அவளே நின்று சொல்லலாம். பதினொரு வருடச் சிரிப்புக்கும் அது ஒரு பதிலாக இருக்கும்.

ஒவ்வொரு அம்புக்கும் தெரிகிறது என்றாராம். பதினொரு வருட ஞாயிறுகள், ஒரு ஞாயிறுக்கு எத்தனை அம்பு? அந்தக் காட்டில் டொச் தேவைப்படாமல், ஒருத்தரோடும் கதைக்காமல், அந்த மனிசன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது எதை?

கடதாசியைக் கசக்கி மகளின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். குருக்கள் காரின் பின்கதவைத் திறந்துவைத்துக் கும்பத்தையும் தட்டத்தையும் பைகளுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் தூறலுக்குள் நேரே அவரிடம் போனாள்.

"ஐயா, குங்குமம் இருக்கோ?"

"இருக்குதம்மா. ஆனா இண்டைக்கு நீங்கள்..."

"தாங்கோ ஐயா. சந்தனமும்."

குருக்கள் அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தார். பிறகு இரண்டு சிமிழையும் பன்னீர்ப் போத்தலையும் எடுத்துக் கொடுத்தார்.

"மலர், துடக்கு! தீட்டோடை தொடாதை!" என்று பரமேஸ்வரி கத்தினாள். "முப்பத்தொண்டாம் நாள் கழியட்டும். ஐயோ, ஆரும் பாத்தால் என்ன சொல்லுவினம்?"

"சொல்லட்டும் மச்சாள். நான் சொல்லாததையோ அவை சொல்லப் போகினம்?"

உள்ளங்கையில் சந்தனத்தைக் குழைத்தாள். ரூடி வில்லை அவளுக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்தார். மோதிர விரலால் பழைய கறையின் மேல் அழுத்தி வைத்து, நடுவில் குங்குமம் இட்டாள். வட்டம் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்துவிட்டது. அதைத் திருத்தவில்லை.

"அப்படியென்றால் இது மற்றச் சுவருக்குத்தான் போகும்" என்றார் ஊலி. அவளுக்கு விளங்கிவிட்டதா என்று பார்க்கத்தான் கேட்டதுபோல இருந்தது. "கப்பி வில்லுகளோடு. கடைசியில்."

"ஆம்" என்றாள் ஜெயமலர். "அங்கேயே மாட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்."

ரூடி பழக்கத்தில் துணியை எடுத்துச் சுற்றப் போனார். ஊலி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். சந்தனம் இன்னும் காயவில்லை. கார் நிறுத்துமிடம் நூறு அடிக்கு அப்பால் இருந்தது, தூறல் மழையாகிக்கொண்டிருந்தது. இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஊலி தன் பச்சை மழைச்சட்டையைக் கழற்றி, இரண்டு கையாலும் வில்லுக்கு மேலே விரித்துப் பிடித்தார். ரூடி அதற்குக் கீழே வில்லை எதிலும் முட்டாமல் ஏந்திக்கொண்டார். இருவரும் ஒத்த அடி வைத்து, மிக மெதுவாக நடந்து போனார்கள். ஊலியின் வெள்ளைச் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.